கிரீஃப் கேட்கப் போன மத்தியானம்

ஓட்டல் அறையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கட்டில் ஓரத்தில் ஹன்னா. டென்மார்க்கிலிருந்து வந்து எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிற பையர். எதிரே நாற்காலி நுனியில் சரசக்கா, எங்கள் முதலாளியின் மனைவி. நடுவில் ஒரு முக்காலியில், இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மொழிபெயர்ப்பதற்காக நான்.

திரை போட்டிருந்தது. வெளியே பல்லடம் ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் ரொம்ப தூரத்திலிருந்து வருவது போல வந்தது. அந்த அறையை இன்று நினைத்தாலும் எல்லாமே கொஞ்சம் தண்ணீருக்கடியில் நடந்த மாதிரி இருக்கிறது. கை மெதுவாக அசைகிறது, குரல் மெதுவாக வருகிறது.

ஹன்னா ஒரு தட்டில் பிஸ்கெட் வைத்து நீட்டினார். சரசக்கா இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"துக்கம் கேக்க வந்த எடத்துல கை நனைக்கறதில்லீங்கன்னு சொல்லு கண்ணு."

சாப்பிட மாட்டோம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். துக்கம் கேட்க வந்திருக்கிறோம் என்பதை என்னவென்று சொல்வது?

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் இதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பொறுங்கள்.

தினமும் வருந்திய மேஜை

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பெயர்தான் பெரிசு. பையருக்கு மெயில் அனுப்புவது, வந்த மெயிலைப் படித்து முதலாளியிடம் திட்டு வாங்குவது, இரண்டும்தான் வேலை.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பழக்கமான ஆங்கிலச் சொல் 'ரெக்ரெட்'. நூல் வரவில்லையா, ரெக்ரெட். சாயம் ஒரு பொட்டு கூடிவிட்டதா, ரெக்ரெட். கரண்ட் போய், ஜெனரேட்டர் மக்கர் செய்து, கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு இஸ்திரி டேபிளிலேயே கிடக்கிறதா, அதற்கும் ரெக்ரெட். கம்ப்யூட்டரில் ஒரு மெயிலைத் தயாராக வைத்திருப்பேன். பெயரையும் டிசைன் நம்பரையும் மாற்றினால் போதும், வருத்தம் ரெடி.

இத்தனை தடவை வருந்தியவளுக்கு ஒரு தடவையாவது மனசு வலித்திருக்க வேண்டுமே? சத்தியமாக இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே வருந்தியிருக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் துக்கத்துக்கு இன்னொரு சொல் உண்டு. 'ஃபீல்'. தையல் செக்‌ஷனில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தால் பக்கத்து மெஷின்காரி "ஃபீல் பண்ணாதடி" என்பாள். சந்தோஷப்படுவதற்கு யாரும் ஃபீல் பண்ணமாட்டார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், எங்கள் பக்கத்துக்காரர்களும் அப்படித்தான். இந்தச் சொல்லை யார் கொண்டுவந்து இறக்கினார்களோ தெரியாது, எல்லோருக்கும் அளவாகத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது.

வெள்ளகோவிலில்

அந்த வருடம் எனக்கு முதல் பிரசவம். கட்டுச்சோற்று விருந்து முடிந்து வெள்ளகோவிலில் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார்கள்.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பொம்பளப் பிள்ளை என்று யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "காட்டுங்க" என்றேன். "வேண்டாங் கண்ணு, பாத்தா மறக்காது" என்று அம்மா என் கண்களை உள்ளங்கையால் மூடிவிட்டாள். அந்தக் கையில் மஞ்சள் வாசமும் டெட்டால் வாசமும் கலந்திருந்தன. மகள் என்றால் எனக்கு அந்த வாசம்தான் நினைவில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தங்கராசு பஸ்ஸில் வந்து இறங்கி, துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, என் அப்பாவோடு போனார் என்று பிறகு சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவிடாமல் வீடு முழுக்க ஒரு அமைதி உட்கார்ந்திருந்தது.

எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் மாதக்கணக்கில் ஆள் வரும். வருகிற பெண்கள் வாசலிலேயே வீட்டுப் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுவார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "எப்படீங்க ஆச்சு?"

வீட்டுக்காரர்கள் ஆதியிலிருந்து சொல்வார்கள். காலையில் நன்றாகத்தான் இருந்தார், இட்லி தின்றார், பேப்பர் பார்த்தார் என்று தொடங்கி மூச்சு நின்றதுவரை சொல்வார்கள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்து இறங்கும். மறுபடியும் இட்லியிலிருந்து. இதென்ன கூத்து என்று சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக வரும். சொல்லச் சொல்ல அது தேய்கிறது என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்.

மூச்சே விடாத பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. காரியம் கிடையாது, கேட்க வருவாரும் கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "விடு கண்ணு, வயசா போயிருச்சு? அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். கேட்டால் நான் சொல்லிவிடுவேன். சொல்லாமலே இருந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

தங்கராசுவாவது கேட்டாரா? அவர் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஒரு ஊசி உடைந்தால் அது எப்படி உடைந்தது என்று சாப்பாடு ஆறுகிறவரை சொல்கிற மனுஷன். இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. ஊத்துக்குளிக்குப் போய் வெண்ணெய் வாங்கிவந்து, "உருக்கி வெச்சுச் சாப்புடு, ஒடம்பு தேறோணும்" என்றார். வெண்ணெய் வாங்கத் தெரிகிறது, ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா? அந்த நெய் காறிப்போகும்வரை நான் தொடவில்லை.

செந்தில் அனுப்பிய மெயில்

வேலைக்குத் திரும்பினேன். எங்கள் கம்பெனியில் தைத்தது குழந்தைகளுக்கான துணி. பிறந்த பிள்ளைக்கான அளவு எப்போதும் என் மேஜையில்தான் கிடக்கும். அன்று ஒன்றையும் காணோம். சாம்பிள் செக்‌ஷன் பெண்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எங்கோ வைத்துவிட்டிருந்தார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை. இஸ்திரி டேபிளிலிருந்து ஆவி எழும்பி ஜன்னல் வெயிலில் மிதந்தது, பஞ்சுத் தூசி அதற்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. "ஃபீல் பண்ணாதீங்க மேடம்" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன்.

நான் இல்லாதபோது ஹன்னாவின் கணவர் இறந்துபோயிருந்தார். மெயிலில் தகவல் வந்திருக்கிறது. "எப்பவும் அனுப்பறாப்பல ஒண்ணு அனுப்பீரு தம்பி" என்று முதலாளி டாகுமெண்ட் செக்‌ஷன் செந்திலிடம் சொல்லியிருக்கிறார். செந்தில் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. என் கம்ப்யூட்டரைத் திறந்து, என் ரெக்ரெட் மெயிலை எடுத்து, டிசைன் நம்பர் இருந்த இடத்தில் ஹன்னாவின் கணவர் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான்.

அதைப் படித்தேன். தங்கள் கணவர் காலமானதற்கு வருந்துகிறோம், இதனால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கும் வருந்துகிறோம், காரணத்தை ஆராய்ந்து இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்வோம் என்று உறுதி அளிக்கிறோம்.

"அடப்பாவி! என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"ஏனுங்க மேடம், ஸ்பெல்லிங் தப்புங்களா?"

அவனை என்ன செய்வது? பையர் போச்சு, கம்பெனி மானம் போச்சு என்று பதறிக்கொண்டு ஹன்னாவின் பதிலைத் திறந்தேன். நாலே வரி. என்னுடைய கிரீஃபில் நான் சிரித்தது இந்த ஒரு கடிதத்துக்குத்தான், நன்றி. வழக்கமாக எழுதுகிற பெண் எங்கே?

அதற்கும் செந்தில் பதில் போட்டிருந்தான். பூங்கொடி மேடத்தின் குழந்தை பிறந்ததும் இறந்துவிட்டதைத் தெரிவிக்க ரெக்ரெட் செய்கிறோம் என்று.

அந்தச் சொல்

கிரீஃப். காலேஜில் படித்த சொல்தான். அகராதியில் துக்கம், துயரம் என்று போட்டிருந்தது. அது எனக்கும் தெரியும். நான் பார்த்துக்கொண்டே இருந்தது அந்த 'என்னுடைய' என்பதை.

ரெக்ரெட்டை அடுத்தவருக்கு அனுப்புகிறோம். சாரி என்பதைக் காலை மிதித்தவரிடம் சொல்கிறோம். இதை யாருக்கும் அனுப்ப முடியாது போலிருக்கிறது. ஒருத்தர் தன்னோடு வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே நடந்து, சமைத்து, தூங்கி, சில சமயம் சிரிக்கவும் செய்யலாம். செத்துப்போனவருக்குத் தொண்ணூறு வயதா, ஒரு மூச்சுகூட விடாதவரா என்று அது கேட்பதில்லை. இங்கிலீஷ்காரர்கள் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மை கிரீஃப். யாரும் பார்க்காத நேரத்தில் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வது போல. அந்தச் சொல்லுக்குள் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டதாக ஒரு பிரமை. பிரமைதான். சொல் என்ன, நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவா போகிறது?

அடுத்த சீசனுக்கு ஹன்னா வருகிறார் என்று தெரிந்ததும் சரசக்கா ஆரம்பித்துவிட்டார். தினமும் செக்கிங் செக்‌ஷனில் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து துணி பார்ப்பவர். மனதில் பட்டதை அங்கேயே போட்டு உடைத்துவிடுவார்.

"மெயில்லயெல்லாமா துக்கம் கேக்கறது? நேர்ல போயிக் கேக்கோணுமுங்க."

"வெளிநாட்டுக்காரங்களுக்கு அதெல்லாம் புடிக்காது" என்றார் முதலாளி.

"புருசஞ் செத்தா எந்த நாட்டுக்காரியா இருந்தா என்னுங்க? பூங்கொடி, நீ வா கண்ணு, எனக்கு இங்கிலீசு வராது."

மறுபடியும் அந்த அறை

ஹன்னா பிஸ்கெட் தட்டை நீட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படியே சொல்லுக்குச் சொல் சொல்லிவிட்டேன். உங்கள் கிரீஃபைக் கேட்க வந்திருக்கிறோம்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். சரசக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "கேளுங்கள்" என்றார்.

"எப்படீங்க ஆச்சு?" என்றார் சரசக்கா.

ஹன்னா சொன்னார். பனி கொட்டியிருந்த காலை. வாசல் பனியை ஒதுக்கப் போனவர், மண்வாரியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இளைப்பாறுகிறார் என்று நினைத்தேன் என்றார். அவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. சொல்லைத் தேடித் தேடி எடுத்தார். நானும் தேடித் தேடிக் கொடுத்தேன்.

"காலைல என்ன சாப்புட்டாருன்னு கேளு."

கேட்டேன். காபி மட்டும்தான், ரொட்டி வேண்டாம் என்றுவிட்டாராம்.

"அய்யோ சாமி, வெறும் வயித்தோட போயிட்டாரே!" சரசக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். நான் அதை மொழிபெயர்த்ததும் ஹன்னாவும் உடைந்துவிட்டார். அவர் என்ன சாப்பிட்டார் என்று இதுவரை என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹன்னா என் பக்கம் திரும்பினார். "உன்னுடைய கிரீஃபை யார் வந்து கேட்டார்கள்?"

"என்ன சொல்றாங்க?" என்றார் சரசக்கா.

அதையும் நான்தானே மொழிபெயர்க்க வேண்டும். "என்ற துக்கத்தை ஆரு வந்து கேட்டாங்கன்னு கேக்கறாங்கக்கா."

சரசக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூச்சு உடாத புள்ளைக்கு எங்கூர்ல துக்கம் கேக்கற வழக்கமில்லீங்கன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். என்னைப் பற்றி, என் வாயாலேயே, ஆங்கிலத்தில். ஒருவரும் கேட்கவில்லை, அது எங்கள் வழக்கம் இல்லை.

சரசக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து இழுத்து என்னையும் கீழே உட்கார வைத்தார்.

"எனக்குத் தோணவே இல்லயே கண்ணு. தோணியிருந்தா வெள்ளகோயலுக்கே வந்திருப்பனே. சொல்லு. எப்படி ஆச்சு? மொதல்லருந்து சொல்லு."

சொன்னேன். அன்று காலையில் பிள்ளை புரண்டதிலிருந்து சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஹன்னா கட்டிலை விட்டு இறங்கி என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கை என் கண்ணை மூடிய இடம்வரை வந்தேன்.

"அப்பறம்?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்கக்கா. அவருதான் எடுத்துட்டுப் போனாரு."

"அவரக் கேட்டியா?"

"இல்லீங்க."

"அவர ஆராச்சுங் கேட்டாங்களா?"

அப்படி ஒன்று இருக்கிறதென்றே நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எழுந்தோம். துக்கம் கேட்ட இடத்தில் போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாது. சொல்லாமலே வெளியே வந்துவிட்டோம். ஹன்னா கதவைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் மூடும்வரை நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

அப்போது நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்முவோம். ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கராசு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க. எப்படீங்க ஆச்சு?"

"எது?"

"பாப்பாவை எடுத்துட்டுப் போனீங்கல்ல. அது."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஈரமே இல்லை. "உடு புள்ள. கேட்டா நீ அழுவே."

"அழுகறதுக்குத்தானுங்க கேக்கறேன்."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். பஸ் காங்கயத்தில் நின்றதிலிருந்து ஆரம்பித்தார். எந்த சீட், பக்கத்தில் யார், நடத்துனரிடம் சில்லறை இல்லாமல் சண்டை, எல்லாம் வந்தது. உடைந்த ஊசியைப் பற்றிச் சொல்வாரே, அதே மாதிரி.

"துணிய வெலக்கிப் பாத்தேன். முடின்னா முடி, அத்தன முடி. மூக்கு அப்படியே உன்ற மூக்கு. உங்கப்பா ஆடு மேயற கொறங்காட்டுக்குக் கூட்டீட்டுப் போனாரு. வெள்ளவேலா மரம் ஒண்ணு இருக்குதுல்ல வேலியோரம், அதுக்குக் கெழக்கால. மாமா குழி வெட்டறேன்னாரு, நாந்தான் வெட்டுனேன். வெட்டீட்டு மறுபடி வாங்கி வெச்சுகிட்டேன். வையுங்க மாப்ள, நேரமாச்சுங்கறாரு. வெக்க மனசு வல்ல. அவரு அக்கட்டால திரும்புனப்ப ஒருக்காக் கூப்புட்டுப் பாத்தேன்."

"என்னன்னு கூப்புட்டீங்க?"

"பாப்பான்னுதான். பேருதான் வெக்கலியே."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நான் அவர் தோளைக் கட்டிக்கொண்டேன். எழவு வீட்டு வாசலில் பெண்கள் கட்டிக்கொள்கிற மாதிரியே, கழுத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். ஓவென்று அழுதேன். ஆம்பளை அழுகிற சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை கேட்டதில்லை. லைன் முழுக்க டிவிச் சத்தம் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க, என்னுங்க ஆச்சு? ஆருங்க தவறிட்டாங்க?"

நான் சும்மா ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கராசு முந்திக்கொண்டார்.

"என்ற பொண்ணுங்க" என்றார்.